பல்பை மாற்றினால் போதுமா? கழிவுநீருக்கு யூவி: கேள்வி பதில்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கழிவுநீர் நிலையங்களின் பராமரிப்பு வேலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். புற ஊதா (யூவி) விளக்கால் கிருமி நீக்குவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செந்தூல் வாசகர்: அண்ணே, ஆற்றில் விடும் தண்ணீருக்கு யூவி போட்டால் நாற்றம் போய்விடுமா?

போகாது. யூவி கிருமியின் மரபணுவைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்யும், அவ்வளவுதான். நாற்றமும் அம்மோனியாவும் அதற்கு முன்னாலேயே, காற்றூட்டும் தொட்டியில் தீர்க்க வேண்டியவை.

பட்டர்வொர்த் டெக்னீஷியன்: சார், எங்கள் பிளாண்டில் யூவி பழையது. ஈகோலை (மலத்தில் இருக்கும் கிருமி) எண்ணிக்கை அடிக்கடி எகிறுகிறது. அதிக வாட் பல்பு வாங்கலாம் என்கிறார் மேலாளர். சரியா?

வாங்கும் முன் ஒரு மாதமாவது தண்ணீரை அளந்து பாருங்கள் தம்பி. 254 நானோமீட்டர் ஒளி ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைத் தாண்டும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் முதல் கணக்கு. 65 சதவீதம் மிஞ்சினால், 3 சென்டிமீட்டர் தள்ளி 27 சதவீதம் இருக்கும். 50 சதவீதம்தான் என்றால் அதே தூரத்தில் 12 அல்லது 13 சதவீதம்தான். எத்தனை வாட் ஏற்றினாலும் கலங்கல் தண்ணீர் விழுங்கிவிடும். காலை, இரவு, மழைக்குப் பிறகு என்று தனித்தனியாக மாதிரி எடுங்கள். குப்பை லோரிகளின் கசிவுநீர் சாக்கடையில் கலக்கிறதா என்றும் பாருங்கள். அது ஒளியை நிறையக் குடிக்கும்.

நான் இருந்த ஒரு பிளாண்டில் இதே கதை நடந்தது. பாஸ்பரஸைக் குறைக்க ஃபெரிக் குளோரைடு போட்டுக்கொண்டிருந்தோம். புது பல்பு மாட்டி இரண்டே வாரத்தில் விளக்கை மூடியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடி உறையெல்லாம் தேத்தாரே நிறத்துக்கு வந்துவிட்டது. சிட்ரிக் ஆசிட்டில் ஊறவைத்துத் துடைத்தோம். அப்படியும் எண்ணிக்கை இறங்கவில்லை. ஒரு மழை நாளில் விளக்கை அணைத்துவிட்டு சேனலை, அதாவது விளக்குகள் இருக்கும் வாய்க்காலை, திறந்தபோதுதான் விளங்கியது. நீர்மட்டத்தைப் பிடிக்கும் கடைசிக் கதவு பழுதாகி, மேல் வரிசை விளக்குக்கு மேலே நாலு விரல் உயரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்கு ஒளியே சரியாகப் படவில்லை. புது பல்புக்குக் கொட்டிய காசை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

இதெல்லாம் சரி என்றால் அப்புறம் பல்பு. அமால்கம் (பாதரசக் கலவை) வகை லோ பிரஷர் விளக்கு, வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கிருமி கொல்லும் ஒளியாக மாற்றும். மீடியம் பிரஷர் விளக்கில் அது 10 முதல் 15 சதவீதம்தான். ஆனால் விளக்குகளின் எண்ணிக்கை குறையும், இடம் மிச்சம். சூடு அதிகம் என்பதால் உறையில் படிவு சீக்கிரம் கட்டும். இடம் இருந்தால் நான் அமால்கம்தான் சொல்வேன், தானே துடைக்கும் வைப்பரோடு.

நிபோங் திபால் மாணவி: பினாங்கு ஜெலுத்தோங் நிலையம் எஸ்பிஆர் முறை, அதாவது ஒரே தொட்டியில் தொகுதி தொகுதியாகச் சுத்திகரிப்பது. அந்த மாதிரி இடத்துக்கு யூவி அளவை எப்படிக் கணக்கிடுவது?

நல்ல கேள்வி, தங்கச்சி. எஸ்பிஆரில் தண்ணீர் சீராக வராது, தெளிந்த பிறகு மொத்தமாக இறக்குவார்கள். 4 மணி நேரச் சுற்றில் 1 மணி நேரம் மட்டும் இறக்கினால், அந்தத் தொட்டியின் ஓட்டம் சராசரியைப் போல 4 மடங்கு. தினசரி சராசரியை வைத்து விளக்கு வாங்கினால் அந்த ஒரு மணி நேரம் கிருமி தப்பிவிடும். தொட்டிகளை மாற்றி மாற்றி இறக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு சமன்படுத்தும் தொட்டி வேண்டும். தண்ணீர் நிற்கும்போதெல்லாம் விளக்கை அணைக்கலாம் என்று நினைக்காதீர்கள். முழு ஒளிக்கு வர சில நிமிடம் ஆகும், அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுளும் குறையும்.

பூச்சோங் வாசகி: இது சட்டப்படி கட்டாயமா?

மலேசியாவின் 2009ஆம் ஆண்டு கழிவுநீர் விதிமுறையில் கிருமி எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள நிலையங்களுக்கான ஏ தரம்கூட மிதக்கும் திடப்பொருளை லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை விடுகிறது. அந்த அளவு கலங்கலில் கிருமி துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். யூவி நன்றாக வேலை செய்ய 10க்குக் கீழே இருந்தால் நல்லது, அதற்கு வடிகட்டி வேண்டும். பினாங்கின் பத்து பெரிங்கி மாதிரி, பிள்ளைகள் இறங்கி விளையாடும் கடற்கரைகளுக்காவது ஒரு வரம்பு வர வேண்டும் என்பது என் கருத்து.

கெப்போங் வாசகி: என் கணவர் யூவி சேனலில் வேலை செய்கிறார். சில ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரிகிறது என்கிறார்.

வெல்டிங் பார்த்தவர்களுக்கு வருவதும் இதுதான் அம்மா. யூவி பட்ட அப்போதே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் எரியும். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விளக்கு எரியும்போது மூடியைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்ட பிறகுதான் கைவைக்க வேண்டும். முகம் முழுக்க மறைக்கும் பாலிகார்பனேட் கவசமும், கை மூடும் சட்டையும் கையுறையும் வேண்டும். அவற்றை வாங்கித் தருவது முதலாளியின் கடமை, தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். உடைந்த பல்பில் பாதரசம் இருக்கும், அதையும் வெறும் கையால் பொறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.