சிங்கப்பூர் நண்பர் வீட்டில் பத்து நாளா?

தாய்லாந்து, மலேசியா சுற்றிவிட்டு சிங்கப்பூரில் இருக்கும் கல்லூரி நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாள் போதும், அதுவும் சனி, ஞாயிறு சேர்ந்து வருகிற மாதிரி, ஏனென்றால் அவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி, அடுக்குமாடி வீட்டில் உங்களுக்காக யாராவது அறையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். வெள்ளி மாலை மட்டும் மலேசியாவின் எல்லை நகரமான ஜொகூர் பாருவில் எல்லை தாண்டாதீர்கள், நெரிசல் தாங்காது. அந்த ஊர் ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரலில் இருந்து சிங்கப்பூர்ப் பக்கம் இருக்கும் உட்லண்ட்ஸுக்கு ஷட்டில் ரயில் ஐந்தே நிமிடம், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே எடுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் விசா வேலையைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம், போனதும் துணி துவைக்க வாஷிங் மெஷினைக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ஒருநாள் லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும் தேக்கா சந்தைக்குக் குடும்பத்தோடு கூட்டிப்போய் சாப்பாட்டுக்கு நீங்களே காசு கொடுங்கள்.