விருந்தாளிகள் வரும் வாரத்தில் ஒட்டுப்போர்வை

அன்புள்ள அக்கா,

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் மகளுக்கு ஆடியில் பிரசவம். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்றே, குழந்தைக்கு நானே ஒட்டுப்போர்வை தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து அங்குலச் சதுரமாக 63 துண்டு. 40 துண்டு இணைத்தாயிற்று. மே கடைசியில் நாத்தனார் குடும்பம் புனேயிலிருந்து எட்டு நாள் தங்க வருகிறது, பிள்ளைகளோடு ஐந்து பேர். ஒகேனக்கல், தீர்த்தமலை, கிருஷ்ணகிரி அணை எல்லாம் பார்க்க வேண்டுமாம். நடுவில் அரூரிலும் காவேரிப்பட்டணத்திலும் சொந்தக்காரர் வீடுகள். “வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது ஊசியும் நூலுமா உட்காராதே” என்கிறார் மாமியார். எனக்கோ துணியைத் தொடாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது. எப்படிச் சமாளிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மிஷினில் குனிந்தபடி, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னால் யாருக்கும் மனசு சுருங்கும். ஆனால் ஒட்டுப்போர்வை முழுக்க மிஷின் வேலை இல்லையே. தனியாக இருந்து செய்ய வேண்டியதும் அதில் உண்டு, நாலு பேர் இருந்தால்தான் நன்றாக வருவதும் உண்டு. இதைப் பிரித்துக்கொண்டால் உங்கள் எட்டு நாளும் சரியாகிவிடும்.

மீதி 23 துண்டுகளை அவர்கள் வருவதற்கு முன்பே இணைத்துவிடுங்கள். நாலு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குப் போக ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலம் நிற்கும். ஒன்பது வரிசை, வரிசைக்கு ஏழு என்றால் சுமார் 40க்கு 31 அங்குலம், கைக்குழந்தைக்குத் தாராளம். சிவப்பு, மெரூன் நிறத்தில் புதுத்துணி சேர்ப்பதாக இருந்தால் வெட்டும் முன்பே இரண்டு முறை அலசிக் காயவையுங்கள். சாயம் போகும், துணியும் சுருங்கும். வேலை முடியாவிட்டால் அப்படியே மூட்டை கட்டிப் பரண்மேல் வையுங்கள். ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் தரையில் படுத்திருக்கும் வீட்டில், தூக்கக் கலக்கத்தில் தவறவிட்ட ஒரு குண்டூசி போதும்.

மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் அடுக்கி, நகராமல் இருக்கத் தற்காலிகமாக நூலோட்டும் வேலையை மட்டும் அவர்களுக்காக வைத்திருங்கள். இதைத் தனியாகச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மூலையை இழுத்தால் எதிர் மூலை சுருங்கும். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கோடையில் சொந்தம் வந்திருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தைத் துடைத்து அடித்துணியை விரித்தேன். சின்னம்மா, ஓரகத்தி, அவள் மகள், நான், ஆளுக்கொரு மூலை. நடுவில் அம்மாவின் பழைய நூல்சேலையை இரண்டாக மடித்துப் போட்டோம். சின்னம்மா ஊசி பிடித்து வருஷக்கணக்காகிறது. கண் சரியாகத் தெரியாது. ஆனால் உள்ளங்கையை நடுவில் வைத்து வெளியே தேய்த்துக்கொண்டே வந்தார். நான் கண்ணால் பார்த்துச் சரி என்று விட்ட இரண்டு சுருக்கங்களை அந்தக் கை கண்டுபிடித்தது. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, நாலு விரல் இடைவெளியில் நூலோட்டினோம். பாதியில் சின்னம்மா அந்தச் சேலையின் கரையைப் பிடித்து நிறுத்தி, “இது அக்கா எனக்குப் பிரசவம் பார்க்க வந்தப்போ கட்டியிருந்தது” என்றார். அதுவரை நான் கேட்டிராத ஒரு கதை, விளக்கு வைக்கும் வரைக்கும் போயிற்று.

ஆகவே உங்கள் மாமியாரிடமும் நடுத்துணிக்கு ஒரு பழைய நூல்சேலை கேளுங்கள். பிறந்த குழந்தையை முதலில் பழந்துணியில்தானே கிடத்துகிறோம். அந்த வழக்கம் அவருக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும்.

ஒகேனக்கலுக்குத் தையல் பையைக் கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை, பரிசலுக்குக் காத்திருக்கும்போது தைக்கலாமென்று இரண்டு சதுரங்களை எடுத்துப்போனேன். பொரித்த மீனைத் தின்ற கை பட்டு மசாலா எண்ணெய் ஏறிய துண்டு எத்தனை சோப்புப் போட்டும் வெளுக்கவில்லை. சாரல் வேறு. புகைபோல் எழும் அந்தச் சாரலால்தான் கன்னடத்தில் ‘புகையும் கல்’ என்று பொருள்படும் பெயரே வந்தது. அங்கே கண்ணுக்குத்தான் வேலை. கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பின்னிய விதம், விளிம்பில் வரிச்சுகளைச் சேர்த்துக் கட்டிய விதம், இதெல்லாம் தைக்கிறவள் பார்க்க வேண்டியவை. கர்நாடகத்தில் மழை பெய்து நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். அதனால் கிளம்பும் அன்று காலையில் கேட்டுக்கொள்ளுங்கள். தடை என்றால் அதியமான்கோட்டைக்குப் போய்ச் சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்து ஓவியங்களை நிதானமாகப் பார்த்து வாருங்கள்.

நீங்கள் பட்டியலில் விட்ட இடம் ஒன்று உண்டு, சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கி. உறவுக்காரர் வீட்டுக்காகவும் தீர்த்தமலைக்காகவும் அரூர்ப் பக்கம் போகத்தானே போகிறீர்கள், அதோடு ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே லம்பாடிப் பெண்களின் கைத்தையல் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. வயதான ஓரிருவருக்குத்தான் நினைவில் இருந்தது. 1993இல் அந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவப் பணியைத் தொடங்கிய ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதியரின் ஊக்கத்தில் இளையவர்கள் அந்தப் பெரியவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். இன்று ‘போர்கை’ என்ற பெயரில் சேர்ந்து தைக்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். போவதற்கு முன் விசாரித்துக்கொண்டு, நாத்தனாரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். உங்கள் மடியில் எப்போதும் ஏன் துணி கிடக்கிறது என்று நீங்கள் வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்காது.

காவேரிப்பட்டணத்து வீடுகளுக்கு மட்டும் ஒரு சின்ன டப்பா எடுத்துப் போங்கள். ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு, கையகலத் துணி, அவ்வளவுதான். ஓடும் வண்டியில் அதைத் திறக்க வேண்டாம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் திண்ணையில், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுத்தையல் போடுங்கள். எண்ணெயில் பொரித்த நிப்பட்டுத் தட்டு வந்தால் டப்பாவை மூடி வையுங்கள்.

அவர்களை ரயிலேற்றிவிட்ட பிறகு மூன்று துணியும் சேரக் கைத்தையல் போட்டு, நூலோட்டியதைப் பிரித்து, ஓரம் மடித்துத் தைக்கவும் ஒரு முறை அலசவும் ஆனி மாதம் முழுக்க இருக்கிறது. சிட்டிலிங்கியில் கண்ணாடி வைத்த வேலையைப் பார்த்துவிட்டு, இந்தப் போர்வையிலும் ஒன்று வைக்கலாமே என்று கை பரபரக்கும். கைக்குழந்தை வாயில் வைத்துச் சப்பும் துணியில் கண்ணாடி வேண்டாம், மணியும் வேண்டாம். முடிச்சுகள்கூட மேலே தெரியாமல் துணிகளுக்கு நடுவே போகட்டும்.

அன்புடன்,
அக்கா