1200 பிக்சலா, முழு அகலமா? இரண்டும் வேண்டாம்

கேள்வி: கட்டுரைகளுக்காக ஒரு வலைத்தளம் நடத்துகிறேன். அதைப் புதுப்பிக்க ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். 1200 பிக்சல் நிலையான அகலம்தான் நேர்த்தியாக இருக்கும், மொபைலுக்கு வேறொரு தளம் செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் தனி என்கிறார் அவர். நண்பர் ஒருவரோ எல்லாவற்றையும் 100 சதவீதம் என்று வைத்துவிடு, திரைக்குத் தகுந்தபடி விரிந்துகொள்ளும் என்கிறார். அப்படி வைத்துப் பார்த்தால் பெரிய மானிட்டரில் வரிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் அந்தத் தனிக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்களுக்கு வேண்டியது, திரை சிறிதானால் அதற்குள் அடங்கி, பெரிதானால் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிற பக்கம். இது ஏதோ பெரிய வித்தை இல்லை. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற மொழியான சி.எஸ்.எஸ்.-இல் ‘விட்த்’ 1200 என்று எழுதினால் பக்கம் எந்தத் திரையிலும் 1200-ஐ விட்டு அசையாது. அதையே ‘மேக்ஸ்-விட்த்’ 1200 என்று எழுதினால் 1200-க்கு மேல் போகாது, இடம் குறைந்தால் தானே சுருங்கிக்கொள்ளும். படங்களுக்கும் மேக்ஸ்-விட்த் 100 சதவீதம் என்று வைத்து, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடைவெளி விட்டால் உங்கள் மாதிரித் தளத்துக்கு முக்கால்வாசி வேலை முடிந்தது. பக்கவாட்டுப் பட்டியை மொபைலில் கட்டுரைக்குக் கீழே இறக்கத்தான் இன்னும் சில வரிகள் வேண்டும்.

நண்பர் சொன்னது பாதி சரி. அவர் விட்டது மேல் எல்லையை. ஆனால் அந்த எல்லை பக்கம் முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தலைப்புப் பகுதி, பக்கவாட்டுப் பட்டி எல்லாம் சேர்ந்து 1200 வரை போகட்டும், கட்டுரை ஓடுகிற பத்தி மட்டும் அதைவிட ஒடுங்கியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை அப்படியே தமிழுக்குப் போடாதீர்கள், நம் எழுத்துகள் அகலம், சொற்களும் நீளம். வரிக்கு ஏழெட்டு சொற்கள், மிஞ்சிப்போனால் பத்து, அதுதான் என் கணக்கு. எழுத்து 18 பிக்சல் என்றால் பத்தியின் அகலம் 700-ஐ ஒட்டி வரும். இதைப் பிக்சலில் சொல்லாமல், எழுத்தின் அளவை வைத்துக் கணக்கிடுகிற ‘ரெம்’ அளவில் வைக்கச் சொல்லுங்கள், வாசிப்பவர் தன் பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கினால் பத்தியும் கூடவே விரியும்.

இனி உங்கள் ஆளைப் பற்றி. நிலையான அகலம் ஒரு காலத்தில் சரியான பதிலாகத்தான் இருந்தது. பெரும்பாலான திரைகள் 1024-க்கு 768 என்று இருந்தபோது 960 பிக்சல் பக்கம் அதில் அழகாக உட்கார்ந்தது, 12 ஆகவும் 16 ஆகவும் வகுபட்டதால் வடிவமைப்பவர்களுக்கும் வசதி. 2007-இல் ஐபோன் வந்தது, 2010-இல் ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் திரைக்குத் தக்கபடி மாறும் பக்கத்துக்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயரே வைத்துவிட்டார், இத்தனை வருஷம் கழித்தும் ‘மொபைல் வெர்ஷன்’ என்று தனி பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் என்ன சொல்வது. கேட்கிறவருக்குத் தெரியாது என்ற தைரியம்தான். தனித்தளம் என்றால் இரண்டு இடத்தில் பராமரிப்பு, ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறப்பது, அதற்கும் அவரிடமே போய் நிற்பது. போதாக்குறைக்கு கூகுள் இப்போது தன் தேடலுக்குப் பக்கத்தின் மொபைல் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது, அங்கே கட்டுரையைக் கத்தரித்து வைத்தால் தேடலிலும் கத்தரித்ததுதான் போகும்.

வேலை சரியாக இருப்பதாகக் காட்ட இப்படிப்பட்டவர்களிடம் இன்னும் சில தந்திரங்கள் உண்டு. பக்கத்தின் நிரலில், வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில், ‘வியூபோர்ட்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும், அகலம் என்பது கருவியின் அகலம் என்று சொல்கிற வரி. அது இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர் தன் திரை ஏறக்குறைய 980 பிக்சல் என்று பாவித்து முழுப் பக்கத்தையும் குறுக்கிக் காட்டும். அதைக் காட்டி ஒருவர் ‘பாருங்கள், எல்லாம் மொபைலில் அடங்கிவிட்டது’ என்பார். அடங்கியது உண்மை, படிக்கத்தான் முடியாது. இன்னொருவர் உங்கள் போன் திரையே 1080 பிக்சல், ஆயிரம் பிக்சல் பக்கம் தாராளமாகப் பொருந்தும் என்பார். அந்த 1080 திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, பக்கத்தை அளக்கிற சி.எஸ்.எஸ். பிக்சல் கணக்கில் அதே போன் சுமார் 360-தான். மூன்றாவது வகை, பக்கம் பக்கவாட்டில் நகர்ந்தால் காரணத்தைத் தேடாமல், வெளியே நீட்டுவதை மறைக்கிற ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ கட்டளையைப் போட்டு மூடிவிடுகிறவர். நகர்வது நின்றுவிடும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த எழுத்தும் அதோடு வெட்டுப்படும்.

ஒரே ஒரு இடத்தில் அகலம் விட்டுக்கொடுக்காது. அட்டவணை. ஆண்டுவாரியாகப் பத்துப் பன்னிரண்டு நெடுவரிசை உள்ள அட்டவணையை 360 பிக்சலுக்குள் நெருக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் சொல் மூன்று துண்டாக உடையும். எழுத்தைப் பொடியாக்கினால் யாராலும் படிக்க முடியாது. படமாக மாற்றிப் போடுவது இன்னும் மோசம், நகல் எடுக்க முடியாது, தேட முடியாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அட்டவணையை ஒரு பெட்டிக்குள் வைத்து அந்தப் பெட்டி மட்டும் பக்கவாட்டில் நகரட்டும், பக்கம் நகரக் கூடாது. முதல் நெடுவரிசையை நகராமல் ஒட்டவைக்கவும் வழி இருக்கிறது, கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 நெறிகள் 320 பிக்சல் அகலத்தில் பக்கவாட்டு நகர்வு கூடாது என்று சொல்லும்போதுகூட இத்தகைய அட்டவணைக்கு விலக்குத் தருகின்றன. அந்த விலக்கைக் காட்டி முழுப் பக்கத்தையும் நகரவிட்டுவிட்டு ‘அட்டவணை இருக்கிறதே, வேறு வழியில்லை’ என்பவர்களும் உண்டு. விலக்கு அட்டவணைக்குத்தான், அதைச் சுற்றியுள்ள பத்திகளுக்கு இல்லை.

வேலை முடிந்தது என்று சொல்லும்போது வடிவமைப்புப் படத்தைக் காட்டி ஒப்புதல் கேட்டால் கொடுக்காதீர்கள். படம் சுருங்காது, விரியாது, அதனால் எப்போதும் அழகாகவே இருக்கும். கம்ப்யூட்டரில் தளத்தையே திறந்து, பிரவுசர் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல ஒடுக்கிக்கொண்டே வாருங்கள், எந்த இடத்திலாவது கீழே பக்கவாட்டு நகர்த்துபட்டை முளைத்தால் வேலை முடியவில்லை. பிறகு சாளரத்தை 1280 பிக்சல் அகலத்தில் வைத்து 400 சதவீதம் பெரிதாக்குங்கள், அது அந்த 320-க்குச் சமம். நீளமான தமிழ்ச் சொற்கள் உள்ள தலைப்புகளையும் கட்டாயம் சோதியுங்கள், ஆங்கில மாதிரி வார்த்தைகளை நிரப்பிக் காட்டுகிற தளங்கள் அங்கேதான் கிழியும். இதெல்லாம் தேறிய பிறகு கடைசித் தவணையைக் கொடுத்தால் போதும்.