பிக்மாலியன் ஓவியம்: முதுகு தெரிவதும் முகம் தெரிவதும்

வணக்கம். நீங்கள் வாங்கிய அச்சுப்படத்தில், பிக்மாலியன் என்ற சிற்பி செதுக்க, உயிர்பெற்றெழும் சிலைப் பெண்ணான கலாத்தியாவின் முதுகு தெரிவதையும், இணையத்தில் கண்ட படத்தில் அவளது முன்புறம் தெரிவதையும் ஒப்பிட்டு, இரண்டில் ஒன்று போலியாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் ழான் லியோன் ழெரோம் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே காட்சியை வெவ்வேறு கோணங்களிலிருந்து பலமுறை தீட்டியதோடு, பளிங்குச் சிற்பமாகவும் செதுக்கினார். முதுகுப்புறம் தெரியும் ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உங்கள் அச்சின் தரத்தை அறிய விரும்பினால் கால்களைக் கவனியுங்கள். மூல ஓவியத்தில் பீடத்தோடு ஒட்டிய கால்கள் இன்னும் வெண்பளிங்காகவே இருக்க, மேலே செல்லச் செல்ல உடலில் குருதியோட்டத்தின் இளஞ்சிவப்பு படர்கிறது. சிலை உயிர்பெறும் கணத்தை முழுவதும் அந்த நிறமாற்றமே சொல்கிறது என்பதால், அதை மங்கலாக்கிய மலிவான அச்சு கதையையே இழந்துவிடுகிறது என்பேன். பின்னணியில் மேகத்தில் மிதந்தபடி அம்பெய்யும் காதல் தெய்வம் கியூபிட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கதை ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் ‘உருமாற்றங்கள்’ நூலின் பத்தாம் பகுதியில் வருகிறது. அங்கே சிலை தந்தத்தால் ஆனது. அதைப் பளிங்காக மாற்றிய ழெரோம், தாமும் சிற்பியாதலால், தம் பட்டறையில் நாள்தோறும் பழகிய கல்லையே தேர்ந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி ஒரே காட்சிக்குப் பல ஓவியங்கள் இருப்பதால், உங்கள் கட்டுரையில் எந்தக் கோணத்து ஓவியத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் தவறாமல் குறிப்பிடுங்கள்.