கத்தோலிக்கரின் தவக்காலக் (ஈஸ்டருக்கு முந்தைய தவ நாள்கள்) கேள்விகள்: ஒருசந்தி (நோன்பு), நன்மை (திருப்பலியில் வாங்கும் நற்கருணை அப்பம்), பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்)

கே: எங்கள் பங்கில் காலைத் திருப்பலி 6 மணிக்கு. 5 மணிக்கு மேல் டீ குடித்தால் நன்மை வாங்கக் கூடாது என்கிறார் மாமியார். அவர் நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ப: பூசை தொடங்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். 6.45-க்கு நற்கருணை என்றால் 5.45-க்குள் டீயை முடித்துவிடுங்கள். தண்ணீரும் மருந்தும் எந்த நேரத்திலும் ஆகும். முதியவர், நோயாளி, அவர்களைக் கவனித்துக்கொள்பவர் ஆகியோருக்கு இந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை. உங்கள் மாமியார் கடைப்பிடிப்பது பழைய ஒழுங்கு. திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1953-ல் தண்ணீருக்கு இருந்த தடையை நீக்கினார். 1957-ல் நோன்பை 3 மணி நேரமாக்கினார். 1964-ல் திருத்தந்தை 6-ஆம் பால் அதை ஒரு மணியாகக் குறைத்தார். பக்தியோடு செய்கிறவரைத் தடுக்க வேண்டாம். பூசைக்காகக் காலை மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார் என்றால் மட்டும் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள்.

கே: தவக்காலம் 40 நாளும் ஒருசந்தி இருக்க வேண்டுமா? அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை நோய் உண்டு.

ப: கடமையான ஒருசந்தி, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே நாள். 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் சிறிதளவு உணவு என்பதே முறை. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து இரவில் வயிறு முட்டச் சாப்பிடுவது நோன்பின் நோக்கத்தையே கெடுத்துவிடும். அப்பாவுக்கு வயதாலும் விலக்கு உண்டு, நோயாலும் உண்டு. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அவர் வேளாவேளைக்குச் சாப்பிடட்டும். அந்த இரண்டு நாளில் செபமோ தர்மமோ செய்யலாம்.

சுத்தபோசனம் (இறைச்சி விலக்குதல்) வேறு. 14 வயது நிறைந்தவர்கள் மேற்சொன்ன இரண்டு நாளிலும் தவக்கால வெள்ளிகளிலும் இறைச்சியை விலக்க வேண்டும். இதற்கு மேல்வயது வரம்பு இல்லை. மீன், முட்டை, பால் சாப்பிடலாம். ஆனால் கோழிக்குப் பதிலாக வஞ்சிர மீன் வறுவலும் இறால் தொக்கும் என்று விருந்தாக்கினால் சட்டத்தை மீறவில்லையே தவிர, தவமும் செய்யவில்லை. வெள்ளியன்று பெருவிழா (திருச்சபையின் மிக உயர்ந்த நிலைத் திருநாள்) வந்தால் இறைச்சித் தடை இல்லை. 2022 மார்ச் 25, மங்கள வார்த்தைப் பெருவிழா, அப்படி வந்த வெள்ளி.

கே: பல வருடமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. எப்படித் தொடங்குவது? மறந்துபோன பாவம் என்னாகும்?

ப: முந்தின நாளே பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து மனச்சான்றை ஆராயுங்கள். குருவிடம், கடைசியாகச் செய்து எத்தனை வருடமாயிற்று என்பதை முதலில் சொல்லுங்கள். எங்கே தடுமாறினாலும் அவர் கைகொடுப்பார். சாவான பாவங்களை (தெரிந்தே, மனமொத்துச் செய்த கனமான பாவங்கள்) இன்னது, ஏறக்குறைய இத்தனை முறை என்று சொன்னால் போதும், கதை வேண்டாம். பலர் சறுக்குவது இங்கேதான்: கணவர் குடித்தார், நாத்தனார் ஏசினார் என்று அடுத்தவர் பாவத்தை அறிக்கையிட்டுவிட்டு எழுந்து வருவார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். பிறகு மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்கு வருந்திச் சொல்லும் செபம்), குரு தரும் பாவமன்னிப்பு, அவர் சொன்ன பரிகாரம். உண்மையாகவே மறந்த பாவமும் மன்னிக்கப்படுகிறது. சாவான பாவமாக இருந்து பின்னால் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லிவிடுங்கள். தெரிந்தே சாவான பாவத்தை மறைத்தால் பாவசங்கீர்த்தனமே செல்லாது. வெட்கத்தால் மறைக்கத் தோன்றினால் இதை நினையுங்கள்: கேட்டதைக் குரு எவரிடமும், நீதிமன்றத்திலும்கூட, சொல்லக் கூடாது. இன்னார் இன்ன பாவம் செய்தார் என்று வெளியிடும் குரு அந்தக் கணமே திருச்சபை விலக்குக்கு ஆளாகிறார்.

கே: போன வருடம் குருத்து ஞாயிறன்று கோயிலில் வாங்கிய குருத்தோலையை என்ன செய்வது?

ப: மந்திரித்த பொருள், குப்பையில் போடாதீர்கள். திருநீற்றுப் புதனுக்கு முன் கோயிலில் கொடுத்தால் அதை எரித்துத்தான் நெற்றியில் இடும் சாம்பல் தயாராகும். நாள் தவறிவிட்டால் வீட்டிலேயே எரித்துச் சாம்பலைச் செடியடியில் புதைக்கலாம்.