வாசகர் கேள்வி – பதில்: பனிக்காலத்துச் சைக்கிளும் நனையாத பாதங்களும்

கார்த்திகை பிறந்த பின் எமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியே கேட்டிருந்தபடியால், இம்முறை இந்தப் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நானும் பல பனிக்காலங்களாக ரொறன்ரோவில் சைக்கிள் மிதிப்பவன் என்பதால், கையாண்டு பார்த்தவற்றையே பெரும்பாலும் எழுதுகிறேன்.

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறேன். ஏழு கிலோமீற்றர் தொலைவிலுள்ள வேலைத்தலத்துக்குத் தினமும் சைக்கிளில் போகிறேன். தடித்த காலுறை இரண்டு சோடி அணிந்தும் பாதி வழியிலேயே கால்விரல்கள் மரத்துவிடுகின்றன. மூன்றாவது சோடியையும் அணிந்து பார்க்கலாமா?

பதில்: மூன்றாவதை அணிய வேண்டாம்; இரண்டாவதையும் ஒருநாள் கழற்றிவிட்டுப் போய்ப் பாருங்கள். பாதத்துக்குச் சூட்டைக் கொண்டுவருவது இரத்தம். காலுறையின் வேலை அந்தச் சூட்டை வெளியேறாமல் வைத்திருப்பது மட்டுமே. சாதாரண அளவுச் சப்பாத்துக்குள் இரண்டு தடித்த காலுறைகளை அடைத்தால் பாதம் நெரிபட்டு இரத்த ஓட்டம் குறைகிறது, காலுறையின் இழைகளுக்கிடையே இருக்க வேண்டிய காற்றும் நசுங்கி வெளியேறிவிடுகிறது. சூட்டைக் காப்பதே அந்த அசையாத காற்றுத்தான் என்பதால், இரண்டு வழியாலும் நட்டம் உங்களுக்கே.

நடப்பவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் மடங்கி நிமிர்கிறது, கெண்டைக்கால் தசையும் இரத்தத்தைத் தள்ளிவிடுகிறது. சைக்கிளிலோ தொடை உழைக்க, பாதம் மிதியின் மேல் ஏறக்குறைய அசையாமல் கிடந்து, எதிர்க்காற்றை முன்விரல்களால் வாங்கிக்கொண்டே போகிறது. மைனஸ் 10 பாகைக் குளிரில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்றடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 18 போலப் படும் என்கிறது கனடாவில் 2001 முதல் வழக்கிலுள்ள காற்றுக்குளிர்க் கணக்கு. காற்றே இல்லாத காலையிலும் சைக்கிள்காரர் தன் வேகத்தால் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். சப்பாத்துக்குள் இருக்கும் விரலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், வலை போன்ற துணி வைத்த ஓட்டச் சப்பாத்தை அணிந்திருந்தால் அதிக வித்தியாசம் இருக்காது.

ஆகவே, வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிய, காற்றுப் புகாத பூட்ஸ் ஒன்றை வாங்கி, அதனுள் ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறையை அணியுங்கள். கடையில் அதே காலுறையோடு போட்டுப் பார்த்து, நின்றபடி பத்து விரல்களையும் தாராளமாக மடக்கி விரிக்க முடிகிறதா என்று கவனியுங்கள். முடியாவிட்டால் எவ்வளவு விலை கூடிய பூட்ஸாக இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். மிதியோடு பூட்டிக்கொள்ளும் சைக்கிள் சப்பாத்தை அணிபவராயின், அதன் அடியில் திருகியிருக்கும் உலோகத் துண்டின் வழியே சூடு மிதிக்கு இறங்கிவிடும் என்பதால், தட்டையான மிதிக்கு மாறுவதோ, உள்ளே தடித்த ஃபெல்ற் இன்சோல் ஒன்றை வைப்பதோ நல்லது. இன்சோல் வைத்த பின்னும் விரல் மடங்க இடம் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெஞ்சும் தலையும் குளிர்ந்தால், உடல் முக்கிய உறுப்புகளைக் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். கால் குளிர்கிறது என்று காலை மட்டுமே கவனிப்பவர்கள், சில வேளைகளில் ஒரு தொப்பியாலும் கழுத்துத் துணியாலும் அதைத் தீர்த்திருக்கலாம். முழங்காலையும் மூடுங்கள், கீழே போகும் இரத்தம் அந்த வழியால்தான் போகிறது.

கேள்வி: மாணவன் நான், மாலையில் மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறேன். பனி கொட்டிய மறுநாள் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு சப்பாத்தும் தொப்பலாக நனைந்துவிடுகின்றன. மழையும் இல்லை, புதிய பனியும் இல்லை. இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்தபோது மனம் கனத்தது, நள்ளிரவு வரை ஈரக் காலோடு படியேறி இறங்குவது சின்னக் கஷ்டமல்ல.

அந்த ஈரம் உங்கள் முன்சில்லிலிருந்தே வருகிறது. வீட்டுக்குப் போனதும் சப்பாத்தின் முனையைப் பாருங்கள். பெருவிரலுக்கு மேலே உப்பும் மண்ணும் கலந்த சாம்பல் நிறக் கோடு ஒன்று படிந்திருக்கும். அது முன்சில் வீசியடித்த தடம். வீதியில் தூவும் உப்புக் கரைந்த நீர் பூச்சியப் பாகையில் உறையாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்பிருந்தால் ஏறத்தாழ மைனஸ் 6 வரை திரவமாகவே இருக்கும். அதனால்தான் மைனஸ் 4 என்று அறிவித்த நாளிலும் வீதியோரத்துப் பனிச்சேறு ஈரமாகவே கிடக்கிறது, உங்கள் காலில் தெறிப்பதும் பூச்சியத்துக்குக் கீழான நீராகவே இருக்கிறது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரத்தை நிறுத்தாமல் எத்தனை காலுறை மாற்றினாலும் பயன் இராது.

எனவே முதற்செலவைச் சப்பாத்தில் செய்யாதீர்கள், மட்காட்டில் செய்யுங்கள். முன்சில்லின் மட்காட் பின்புறமாக நன்றாக இறங்கி வர வேண்டும். அதன் நுனியில் நிலத்துக்கு நாலு விரற்கிடை உயரம் வரை ஒரு தொங்கல் கட்டாயம் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால், பால் வரும் பிளாஸ்ரிக் கலனின் பக்கத்தை உள்ளங்கையைவிடச் சற்று அகலமாக வெட்டி, இரண்டு துளையிட்டு, மட்காட்டில் திருகிவிடலாம். என் சைக்கிளில் அப்படி ஒன்று பல காலம் உழைத்தது. அதைப் பூட்டிய அன்றே வித்தியாசம் தெரியும்.

அதன் பிறகு, சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டும் நியோபிரீன் (இறப்பர் போன்ற தடித்த துணி) மேலுறை அல்லது ஏறி இறங்கி நடப்பதற்கு வசதியான இறப்பர் அடியுள்ள பூட்ஸ் வாங்குங்கள். மேலுறையின் அடிப்பக்கம் நடந்தால் விரைவில் கிழிந்துவிடும் என்பதால், படிகளில் ஓடித்திரியும் உங்களுக்குப் பூட்ஸே பொருத்தம். மின்சைக்கிளில் மோட்டார் உதவுவதால் உங்கள் உடல் உண்டாக்கும் சூடு குறைவு, வேகத்தால் வரும் காற்றோ அதிகம். ஆகவே சாதாரணச் சைக்கிள்காரருக்குப் போதுமான உடுப்பு உங்களுக்குப் போதாது. உணவுக் கடையில் காத்திருக்கும் நேரத்தில் குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துங்கள். மாற்றுக் காலுறை ஒரு சோடியைப் பொலித்தீன் பையில் சுற்றி உட்சட்டைப் பையில் வைத்திருங்கள். உடம்புச் சூட்டில் இருந்த காலுறையைப் பாதி இரவில் மாற்றும்போது கிடைக்கும் ஆறுதல் பெரிது.

கேள்வி: இலண்டனில் இருக்கிறேன். இங்கே உறைபனி அபூர்வம். 5 பாகையும் விடாத தூறலுமே எங்கள் குளிர்காலம். தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற சப்பாத்து, அரை மணித்தியாலத்தில் வாளிபோல நிரம்பிவிட்டது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: சப்பாத்தின் துணியைக் குறை சொல்வதற்கு முன் அதன் வாயைப் பாருங்கள். தண்ணீர் புகாத சப்பாத்துகள் பலவற்றின் உள்ளே கோர்-ரெக்ஸ் போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கும். 1969இல் பொப் கோர் என்பவர் ரெஃப்லோனை வேகமாக இழுத்துக் கண்டறிந்த பொருள் அது. அதன் நுண்துளைகள் நீர்த்துளியை விடா, வியர்வையின் ஆவியை விடும். ஆனால் சப்பாத்தில் கால் நுழைவதற்கென்று மேலே பெரிய திறப்பு ஒன்று இருக்கிறதல்லவா? தொடையில் விழுந்த மழை கெண்டைக்கால் வழியே வழிந்து, காலுறையில் ஊறி, அந்தத் திறப்பால் உள்ளே இறங்குகிறது. இறங்கிய நீரை வெளியே விடாமல் தேக்கி வைப்பதும் அதே படலந்தான்.

கூரை ஓடுகளைப்போல் மேலிருப்பது கீழிருப்பதை மூடி வரவேண்டும். மழைக் காற்சட்டையின் விளிம்பு சப்பாத்தின் அல்லது மேலுறையின் வாய்க்கு வெளியே விழ வேண்டும். ஒருபோதும் உள்ளே சொருகக் கூடாது. காற்சட்டை அணிய விருப்பமில்லாவிட்டால், தண்ணீர் புகாத காலுறைகளைச் சாதாரணச் சப்பாத்துக்குள் அணியலாம். சப்பாத்து நனையட்டும், பாதம் நனையாது. அவையும் மேல்விளிம்பால் நீரை வாங்கக்கூடியவைதான் என்பதால், இறுக்கமான விளிம்புள்ளவற்றையே தேர்ந்தெடுங்கள்.

உறைபனி இல்லையே என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களின் பாதங்கள் அழுகியது பெரும்பாலும் உறைநிலைக்கு மேற்பட்ட குளிரிலேதான். நாட்கணக்கில் ஈரம் காயாமல் இருந்ததே அதற்குக் காரணம். உங்கள் அரை மணித்தியாலப் பயணத்தில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் நனைந்த காலுறையோடு அலுவலகத்தில் மாலை வரை உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். மேசையின் கீழ் ஒரு சோடி உலர்ந்த சப்பாத்தை வைத்திருங்கள்.

கேள்வி: காலுறைக்கு மேல் பொலித்தீன் பை சுற்றிக்கொண்டு போவது சரியா? வீட்டில் கேலி செய்கிறார்கள்.

பதில்: சரிதான், கேலியைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் தடித்த காலுறைக்கு மேலே சுற்றினால் வியர்வை வெளியேற முடியாமல் அந்தக் காலுறையையே நனைத்துவிடும். முதலில் மெல்லிய காலுறை, அதன்மேல் பை, அதன்மேல் தடித்த கம்பளிக் காலுறை என்ற ஒழுங்கில் அணிந்தால் மெல்லியது மட்டும் சிறிது ஈரமாகி, தடித்தது உலர்ந்தே இருக்கும். பருத்திக் காலுறை மட்டும் வேண்டவே வேண்டாம். நனைந்ததும் அது தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்ட பின்னும் ஈரமாகத் தோன்றாது, அதன் சுருள் இழைகள் காற்றையும் பிடித்து வைத்திருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, நீரிழிவு உண்டு. பனியிலும் சைக்கிளில் கோயிலுக்குப் போவேன் என்கிறார். சப்பாத்துக்குள் வைக்கும் சூட்டுப் பொதிகளை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பொதிகளில் இருப்பது இரும்புத்தூள்; காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது சூடு பிறக்கிறது. உணர்வு சரியாக உள்ளவர் காலுறைக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தலாம். நீரிழிவால் பாத உணர்வு மங்கியவருக்கோ சுடுவதும் தெரியாது, உறைவதும் தெரியாது. தீப்புண்ணும் குளிர்ப்புண்ணும் ஆறுவதும் கடினம். அவருடைய மருத்துவரிடம் பாத உணர்வைச் சோதித்து, கடுங்குளிர் நாட்களில் சைக்கிளில் போகலாமா என்று கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

போய்வந்த ஒவ்வொரு நாளும் காலுறையைக் கழற்றி, விரலிடுக்குகளையும் அடிப்பாதத்தையும் நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். விரல் வெளிறியோ மெழுகுபோலவோ தோன்றி, தொட்டால் உணர்வில்லாமல் இருந்தால், தேய்க்கக் கூடாது, ஹீற்றருக்கு முன் நீட்டக் கூடாது. 37 முதல் 39 பாகை வரையான நீரில் பாதத்தை வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். அந்த நீரின் சூட்டை வெப்பமானியாலோ உங்கள் முழங்கையாலோ பாருங்கள், அவருடைய காலால் பார்க்க வேண்டாம். நிறமும் உணர்வும் திரும்பாவிட்டாலோ கொப்புளம் எழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மாலையில் நனைந்த சப்பாத்து காலைக்குள் காய்வதில்லை. ஹீற்றரின் மேல் வைக்கலாமா?

பதில்: என் முதற்பனிக்காலத்தில் அப்படி வைத்தேன். காலையில் தோல் ஓடுபோல விறைத்திருந்தது. இரண்டு வாரத்தில் அடிப்பாகத்தின் பசை விட்டு, ஒரு சந்தியில் கால் ஊன்றியபோது இடது சப்பாத்து வாய் பிளந்தது. மைனஸ் 12 பாகையில் மீதி வழியை அந்தக் காலோடு கடந்ததை இன்றும் மறக்கவில்லை.

வந்தவுடன் இன்சோலையும் நாடாவையும் கழற்றித் தனியே வையுங்கள். சம அளவு நீர் கலந்த வினாகிரியில் தோய்த்த துணியால் வெளியே படிந்த உப்பைத் துடையுங்கள். உப்பு தோலில் நின்றால் அது வெடிக்கும். பிறகு புதினத்தாளைக் கசக்கி, விரல் முனை வரை போகும்படி திணியுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளை வைக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது தாளை வைக்காமல் விடுவதால்தான் காயவில்லை என்கிறார்கள். படுக்கப் போகுமுன் மூன்றாவது முறை மாற்றி, அறையின் காற்றோட்டமான இடத்தில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். காலையில் கையை உள்ளே விட்டு முனையைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் அன்றைக்கு மற்றச் சோடியை அணியுங்கள்.