"சரி பிள்ளை" என்று வைத்துவிட்ட அம்மா

கேள்வி: தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனில் இருந்து மச்சம் தொடுவதில்லை. வெள்ளிதோறும் பாலையூற்றுக்குச் சிலுவைப்பாதைக்குப் போகிறேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு போனையும் நிறுத்திவிட்டு விவிலியம் வாசிக்கிறேன். மூதூரில் தனியே இருக்கிற எழுபது தாண்டிய அம்மா அந்த நேரத்தில்தான் எடுப்பா. ஈஸ்டருக்குப் பிறகு ஆறுதலாகக் கதைப்போம் என்றேன். "சரி பிள்ளை" என்று வைத்துவிட்டா. இவ்வளவு செய்தும் தியானத்தில் மனம் ஒன்றுவதில்லை. எப்படி ஜெபிப்பது?
உப்புவெளி வாசகி

பதில்: மகள், ஜெபிக்கும் முறை எதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போனீரே இரண்டு சொல், அதில்தான் என் கண் நிற்கிறது. "சரி பிள்ளை." அதை எந்தக் குரலில் சொன்னா? கவனித்தீரா?

இரவில் எடுத்து அம்மா என்ன கேட்பா என்று நீர் எழுதவில்லை. எனக்குத் தெரியும். என்ன கறி வைச்சனி, பிள்ளையள் சாப்பிட்டதுகளா, கதவு பூட்டியாச்சா. நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவவுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் அன்றைய பேச்சு.

மச்சத்தை விட்டது உம்முடைய வயிறு, உம்முடைய நோன்பு. போனை நிறுத்தியதில் பட்டினி கிடப்பது அம்மா. தவக்காலத்தை நாங்கள் ஞாயிறுகளைக் கழித்து நாற்பது நாள் என்கிறோம். தனியே இருக்கிறவ எந்த ஞாயிற்றைக் கழிப்பா? விபூதிப் புதனில் இருந்து ஈஸ்டருக்கு முதல்நாள் பெரிய சனி வரை அவவுக்கு 46 இரவு. 59 வயதைத் தாண்டியவருக்கு நோன்பு கட்டாயமில்லை என்று திருச்சபையே விட்டிருக்கிறது. நீரோ அவவைக் கேட்காமலே இந்த நோன்பைச் சுமத்திவிட்டீர்.

பெற்றோருக்குச் சேரவேண்டியதை "கொர்பான்", கடவுளுக்கு நேர்ந்தாயிற்று என்று சொல்லித் தப்பியவர்களை இயேசு எப்படிக் கடிந்தார் என்பது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்றிரவு அந்தப் பக்கத்தைத் திறவும். விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளித் திருப்பலியில் எசாயா 58 வாசிக்கிறார்கள். கடவுள் விரும்பும் நோன்பைச் சொல்லிவருகையில், உன் சொந்த இரத்தத்துக்கு உன்னை மறைக்காதே என்கிறார் இறைவாக்கினர். நீர் ஏழு மணியானால் மறைந்துவிடுகிறீர்!

மனம் ஒன்றாததை வறட்சி என்று நினையாதேயும். உள்ளே ஏதோ உறுத்துகிறது, அதை ஜெபத்தால் அமர்த்தப் பார்க்கிறீர். அமராது, அமரவும் கூடாது.

வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் நிறுத்தும், நல்லது. அம்மாவின் அழைப்பு அந்தக் கணக்கில் வராது. தாய் உயிரோடு இருக்கையில் அவவுக்கு முந்திய பக்திக் கடன் பிள்ளைக்கு இல்லை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. விரும்பினால் ஜெபமாலையை அவவோடு சேர்ந்து போனிலேயே சொல்லும்.

மூதூருக்குப் போகிற வழியில் கிண்ணியாப் பாலம் 2009 இலேயே திறந்தாயிற்று, லோஞ்சுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறும். அதற்கு முதல் இன்றிரவு நீர் எடுக்கவேண்டும். அவ எடுக்கட்டும் என்று பார்த்திருக்காதேயும். நீர் வேண்டாம் என்ற பிறகு அவ எடுக்கமாட்டா. "ஏன் பிள்ளை, நோன்பு முடிஞ்சுதா?" என்று கேட்பா. பிழையாப் பிடிச்சிட்டன் அம்மா என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு என்ன கறி என்று முதலில் நீர் கேளும்.